ஒரு ஏற்றத்துக்கு ஏழு லிட்டர்

பழைய கார் வைத்திருப்பவனைப் பார்த்தால் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது?" என்பதுதான். கீழே சமவெளியில் இருப்பவர்கள் எட்டு, பத்து என்று ஏதாவது சொல்லித் தப்பித்துவிடலாம். கோத்தகிரியில் எங்கள் வீட்டில் அந்தக் கணக்கே கிடையாது. ஏற்றத்துக்கு எவ்வளவு, இறக்கத்துக்கு எவ்வளவு, அவ்வளவுதான். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர். நாலு பேரையும் டிக்கி நிறையச் சாமானையும் ஏற்றிக்கொண்டு அந்த ரோட்டில் ஏற எங்கள் அம்பாசிடர் ஏழு லிட்டர் பெட்ரோல் குடிக்கும். அதே ரோட்டில் இறங்க இரண்டு லிட்டர் போதும். கூட்டிக் கழித்துச் சராசரி பார்த்தால் லிட்டருக்கு ஏழு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். அந்தச் சராசரியை வைத்துக்கொண்டு மலையில் ஒன்றும் செய்ய முடியாது. டேங்கில் மூணு லிட்டர் இருந்தால் கீழே போகலாம், மேலே வர முடியாது. தெரிய வேண்டியது இதுதான்.

இந்தக் கணக்கை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு கர்னல். அப்பாவுக்குக் கோத்தகிரி பஜாரில் உரக்கடை, ஊருக்கு வெளியே இரண்டு ஏக்கர் தேயிலை. 80களின் நடுவில் இந்த வண்டியை வெலிங்டனில் அந்த ஓய்வுபெற்ற கர்னலிடம் வாங்கினார். குன்னூர், வெலிங்டன் பக்கம் ரிட்டயர்டு ராணுவ அதிகாரிகள் நிறையப் பேர் வீடு கட்டிக்கொண்டு தங்கிவிடுவார்கள். அவர்கள் கையிலிருந்து வரும் வண்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. 1977 மாடல், மார்க் 3. வண்டியோடு ஒரு நீளமான நோட்டும் வந்தது. கர்னல் அதில் தேதிவாரியாகப் பெட்ரோல் கணக்கு எழுதியிருந்தார். இரண்டு பத்தி. ஒன்றின் தலையில் மேலே பார்த்த அம்புக்குறி, இன்னொன்றில் கீழே பார்த்தது. அப்பா புரட்டிப் பார்த்துவிட்டு, "மனுசன் எஸ்டேட்டுல கணக்குப்பிள்ளையா இருந்திருக்க வேண்டியவரு" என்றார். அடுத்த வாரத்திலிருந்து அதே நோட்டில் அவரும் எழுத ஆரம்பித்தார். இப்போது நான் எழுதுகிறேன். நோட்டுதான் மாறியிருக்கிறது, அம்புக்குறி அப்படியே.

ஏன் இவ்வளவு குடிக்கிறது என்பதைப் பிளஸ் டூ இயற்பியலை வைத்தே போட்டுப் பார்க்கலாம். ஆள், சாமான் எல்லாம் சேர்த்து வண்டி ஆயிரத்து நானூறு கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்துக்கும் கோத்தகிரிக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1,500 மீட்டர். அந்த எடையை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் இரண்டு கோடி ஜூல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பது மூணு கோடி ஜூலுக்குக் கொஞ்சம் மேலே. பழைய இஞ்சின் அதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கும். மீதி ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் போய்விடும். ஆக, தூக்குக்கூலியே மூணு லிட்டருக்கு மேல். டயர் உருள, கியர் உரச, பஸ்ஸுக்கு வழிவிட்டு வளைவில் நின்று மறுபடி கிளம்ப என்று மற்றதெல்லாம் அதற்கு மேலே. இன்றைக்கு ஷோரூமிலிருந்து வரும் சின்னக் காரும் இந்தத் தூக்குக்கூலியைக் கொடுத்தே ஆக வேண்டும். எடை குறைவு, இஞ்சின் கெட்டிக்காரன், அதனால் கூலியும் குறைவு.

அம்பாசிடரின் பூர்வீகம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியை வைத்துச் செய்தது. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1957 வாக்கில் தொடங்கி 2014 வரை தயாரானது. எங்கள் மார்க் 3-ல் இருப்பது 1489 சிசி இஞ்சின், ஐம்பது சொச்சம் குதிரைத்திறன். அந்த ஐம்பதும் மலையில் ஐம்பது இல்லை. ஊட்டியின் உயரம் 2,240 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கோத்தகிரியில் அதைவிடக் கொஞ்சம் பரவாயில்லை. காற்று மெலிந்தால் இஞ்சினின் தெம்பும் அதே அளவு குறையும். "எட்டு குதிரை குன்னூர்லயே எறங்கி டீ குடிக்கப் போயிரும்" என்பார் அப்பா.

தெம்பு குறைவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்க வைப்பதும் அதே காற்றுதான். இன்றைய வண்டியில் சென்சார் காற்றை அளந்து பெட்ரோலைக் குறைத்துவிடும். பழைய வண்டியில் காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரில் இருப்பது துளை போட்ட ஒரு பித்தளை ஜெட். காற்று மெலிந்த அளவுக்குப் பெட்ரோலைக் குறைக்க அதற்குத் தெரியாது. மேட்டுப்பாளையத்தில் சரியாக இருந்த கலவை கோத்தகிரியில் பெட்ரோல் கூடிப்போய்க் கரும்புகையாக வரும்.

குன்னூர் பெட்போர்டு பக்கம் பட்டறை வைத்திருந்த பாய்தான் இதைப் பிடித்தார். இப்போது அவர் இல்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, என்னையும் குனியச் சொன்னார். நுனியில் காய்ந்த கரி அப்பியிருந்தது. கட்டைவிரல் நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது.

"பாத்தியா தம்பி? வண்டி சாப்பிடல, முழுங்குது. இது பிஸ்கட் கலர்ல இருக்கணும்."

"பிளக்கை மாத்திரலாமா பாய்?"

"பிளக் என்ன பண்ணும்? அதுக்கு ஊட்டி விடுறதைக் கொறைக்கணும்."

சோலெக்ஸ் கார்புரேட்டரின் பக்கவாட்டு நட்டைக் கழற்றி மெயின் ஜெட்டை வெளியே எடுத்து, ஒரு நம்பர் சின்னதாகப் போட்டார். மேலே ஓட்டுகிற வரைக்கும் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கூடியது. கர்னலின் நோட்டில் ஆறரை, ஏழு என்று இருந்த மேல்நோக்கு அம்புக்குறிப் பத்தி, ஆள் குறைவாக ஏறினால் ஆறுக்குக் கீழே வந்தது. ஆனால் சித்திரை வெயிலில் கோயம்புத்தூர் போனபோது வேறு கதை. அங்கே காற்று அடர்த்தி. சின்ன ஜெட் கொடுக்கிற பெட்ரோல் போதவில்லை. வேகம் பிடித்தால் இஞ்சின் டிக்டிக்கென்று தட்டியது, சூடும் ஏறியது. அதிலிருந்து வண்டியில் இரண்டு ஜெட். கீழே இரண்டு மூணு நாள் தங்குகிற வேலை என்றால் பெரியதை மாட்டிக்கொள்வோம். மற்றது ஒரு தீப்பெட்டிக்குள் பஞ்சோடு டேஷ்போர்டு அறையில் இருக்கும். ஒரு தடவை என் தங்கை விளக்கேற்ற அந்தத் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட, வீடே அமளிதுமளி.

பஞ்சும் ஜெட்டும் பூஜை அறையில் கிடைத்தன.

கொதிப்பைப் பற்றிச் சொல்லாமல் பழைய வண்டியின் கதை முழுசாகாது. உயரம் ஏற ஏறத் தண்ணீர் கொதிக்கும் வெப்பம் குறையும். ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிற வரை கவலையில்லை. மூடியின் ரப்பர் வாஷர் தேய்ந்துவிட்டால் அழுத்தம் நிற்காது, தண்ணீர் சீக்கிரமே பொங்கிவிடும். புது மூடி மாட்டுவதை விட்டுவிட்டு, ரேடியேட்டரையே கழற்றி ஓட்டை தேடியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று பெட்ரோல் பம்பு. அது இஞ்சினோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்து ஏறும்போது பானட்டுக்குள் காற்றோட்டம் இருக்காது. பம்பு சூடாகி, உள்ளே பெட்ரோல் ஆவியாகி, இழுக்க ஒன்றும் இல்லாமல் வண்டி நின்றுவிடும். மருந்து ஈரத்துணி. அம்மாவின் பழைய நூல் புடவையில் கிழித்த துண்டு எப்போதும் பம்பு மேல் சுற்றியிருக்கும். பர்லியார் வந்ததும் நனைத்துவிடுவது என் வேலை.

குன்னூர் ரோட்டில் பர்லியாரில் நிறுத்தாமல் ஏறிய பெட்ரோல் வண்டி அந்தக் காலத்தில் அபூர்வம். பானட்டைத் தூக்கி வைத்துவிட்டு வரிசையாக நிற்பார்கள். சாக்கை நாலாக மடித்து மூடி மேல் வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு கால் சுற்றுத் திருகி, சீறல் அடங்கினதும் திறக்க வேண்டும். அதற்குள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பெரியவர்கள் பழக்கடைப் பக்கம் நகர்ந்திருப்பார்கள். மங்குஸ்தான், பலாச்சுளை, ரம்புட்டான். அந்தக் கடைக்காரர்களுடைய வியாபாரத்தில் பாதி கொதிக்கிற ரேடியேட்டர் கொடுத்ததுதான் என்பது என் அபிப்பிராயம். மங்குஸ்தான் தோலின் சாயம் துணியில் பட்டால் போகாது. எங்கள் அம்பாசிடரின் பின் சீட்டில் இடது ஓரம் இன்னும் ஒரு பழுப்புக் கறை இருக்கிறது. சீட் உறை மாற்றும்போதெல்லாம் அதற்கு மேலேயே புது உறை போட்டுக்கொண்டு வருகிறோம்.

இறக்கத்துக்கு இரண்டு லிட்டர் என்றேனே, அது இரண்டாவது கியரின் புண்ணியம். ஆக்சிலேட்டரில் கால் வைக்க வேண்டிய இடமே குறைவு. நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக், பூஸ்டர் கிடையாது, மிதித்தால் தொடை வலிக்கும். பிரேக்கை நம்பி இறங்கினால் பாதி வழியில் லைனிங் கருகும் வாசனை வரும். அதற்கப்புறம் பெடல் இருக்கும், பிரேக் இருக்காது. பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் உருட்டிக்கொண்டு போகிறவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டி ரோட்டில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே அந்த மிச்சக் கணக்கு செல்லாது. பர்ஸ்ட் கியரில் சிங்க்ரோ (பல் உரசாமல் கியரைச் சேர்த்துவிடும் அமைப்பு) இல்லாததால் ஓடுகிற வண்டியில் அதைப் போட ஒரு வித்தை வேண்டும்: கிளட்சை மிதித்து நியூட்ரல், காலை எடுத்து ஒரு ரேஸ், மறுபடி கிளட்ச், பிறகு கியர். ஸ்டீரிங்குக்குக் கீழே இருக்கும் அந்த நீளக் கம்பியை வைத்துக்கொண்டு, கொண்டை ஊசி வளைவில் ஒரு கையால் ஸ்டீரிங்கையும் சுற்றிக்கொண்டு இதைச் செய்ய அப்பா எனக்குக் கோடநாடு ரோட்டில் பழக்கினார். அந்த ரோட்டில் வண்டி வரத்து குறைவு, திட்டுவதற்குத் தோதான இடம்.

நிறுத்துவதிலும் மலை முறை ஒன்று உண்டு. வண்டியின் மூக்கு எப்போதும் இறக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். பின்சக்கரத்துக்கும் முன்சக்கரத்துக்கும் கட்டை. மார்கழி, தை மாதங்களில் காலையில் பேட்டரி செத்துக் கிடக்கும், செல்ப் மோட்டார் ஒரு முனகல் முனகிவிட்டு நிற்கும். கட்டையை எடுத்துவிட்டு, இக்னிஷன் போட்டு, சோக்கை இழுத்து, இரண்டாவது கியரில் கிளட்சை மிதித்தபடி உருளவிட்டு, வேகம் கிடைத்ததும் கிளட்சை விட்டால் கிளம்பிவிடும். கிளம்பாவிட்டால் தெருக்கோடியில் உள்ள டீக்கடை வாசலில் போய் நிற்கும். அங்கே கைப்பிடி போட்டுச் சுற்றிவிட ஆள் கிடைக்கும். மழைக்காலத்தில், மூடுபனியில் வேறு தொல்லை. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் கோத்துக்கொள்ளும். கழற்றித் துடைத்து, பாயிண்டை உப்புத்தாளால் லேசாக இழுத்துவிட்டால் சரியாகிவிடும். என் மகளுக்குப் பத்து வயதில் இந்த வேலை தெரியும். இப்போது பெங்களூரில் இருக்கிறாள். பானட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் மூடி மட்டும் தெரிகிற காரை ஓட்டுகிறாள்.

கொழுந்து ஏற்றிய கதையும் உண்டு. பறித்த தேயிலைக் கொழுந்தை எடுக்க பாக்டரி லாரி வராத நாளில் சாக்குகளை அம்பாசிடரின் டிக்கியிலும் பின் சீட்டிலும் அடைத்துக்கொண்டு ஓடுவோம். கொழுந்தை அமுக்கி வைத்தால் உள்ளே சூடு ஏறிச் சிவந்துவிடும், பாக்டரியில் எடுக்க மாட்டார்கள். அதனால் கண்ணாடி எல்லாம் இறக்கிவிட்டு, முன் ஓரத்து முக்கோணக் கண்ணாடியையும் உள்பக்கம் திருப்பிக் காற்றை நேராகச் சாக்கின்மேல் விட்டுக்கொண்டு போவோம். மூக்கில் பச்சைக் கொழுந்தும் பெட்ரோலும் கலந்த ஒரு நெடி. அன்றைக்குப் பெட்ரோலுக்குச் செலவானது, கொழுந்துக்குக் கிடைத்த காசில் கணிசம். அப்பா அதையும் நோட்டில் எழுதுவார், அடியில் கோடு போட்டு.

ஒரு ஆனி மாதம் குஞ்சப்பனைக்கு மேலே யானை மறித்தது. அந்தப் பக்கம் பலா பழுக்கிற காலத்தில் யானை வருவது வழக்கம். பொழுது சாய்ந்த நேரம், ஏற்றம், வண்டியில் அப்பா, அம்மா, திருப்பூரிலிருந்து வந்த அத்தை, நான். முப்பது அடி தள்ளி ரோட்டோரம் ஒரு பெண் யானையும் குட்டியும். அப்பா ஹெட்லைட்டை அணைத்தார். இஞ்சினை அணைக்கவில்லை. சூடான வண்டி, அணைத்தால் மறுபடி கிளம்பாது என்று அவருக்குத் தெரியும். கால் மணி நேரம் ஐடிலில் நின்றோம். சூடு முள் மெல்ல ஏறிக்கொண்டே இருந்தது, அப்பா அதையும் யானையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை மட்டும், "ஏண்ணா, சும்மா நிக்கறதுக்கு இஞ்சின ஆப் பண்ணுனா பெட்ரோல் மிச்சமாகாதா?" என்று காதோடு கேட்டாள். திருப்பூர்க்காரி. அப்பா பதில் சொல்லவில்லை. குட்டி ஒரு பலாவைக் காலால் மிதித்து உடைத்துத் தின்று முடித்த பிறகுதான் தாய் நகர்ந்தது.

பெரியப்பா மகன், எங்கள் அண்ணன், ஒரு பெட்ரோல் ஜீப் வைத்திருந்தார். மகிந்திரா, உள்ளே வில்லிஸ் வம்சத்து 2.2 லிட்டர் ஹரிக்கேன் இஞ்சின். எஸ்டேட்டு ஏலத்தில் எடுத்தது. அம்பாசிடர் குடிகாரன் என்றால் இது அவனுக்குக் குரு. மண் ரோட்டில் லோ கியர் போட்டு ஏறினால் லிட்டருக்கு நாலு, ஐந்து. டேங்கு ஓட்டுகிறவர் சீட்டுக்கு அடியிலேயே இருந்ததால், குறைந்துகொண்டே வருவதை உட்கார்ந்த இடத்திலேயே உணர முடியும் என்பார் அண்ணன். ஆனால் மழையில் வழுக்குகிற தேயிலைக்காட்டுச் சரிவில், எட்டு மூட்டை உரத்தோடு, கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல் அது ஏறுவதைப் பார்த்தவர்கள் மைலேஜ் பற்றிப் பேசமாட்டார்கள். 90களில் டீசல் விலை பெட்ரோலில் பாதி. மலையில் இருந்த பெட்ரோல் ஜீப்புகள் ஒவ்வொன்றாக டீசல் இஞ்சினுக்கு மாறின, அண்ணனுடையதும் மாறியது. செலவு பாதியாகக் குறைந்தது. என்னைக் கேட்டால் அதற்கப்புறம் அது வேறு வண்டி. ஜீப்பில் உட்கார்ந்து பேசிக்கொண்டு போகிற பழக்கம் அதோடு போயிற்று, அவ்வளவு சத்தம்.

நான் என் காசில் வாங்கியது ஒரு கான்டசா. 1996-ல், செகண்ட் ஹேண்டாக. ஆரம்ப காலக் கான்டசாவுக்கு அம்பாசிடரின் 1489 சிசி இஞ்சினையே போட்டிருந்தார்கள். அவ்வளவு பெரிய உடம்புக்கு அது போதாது. என்னுடையது பின்னால் வந்த கிளாசிக், 1.8 லிட்டர் இசுசூ இஞ்சின், ஐந்து கியர். உடம்பு வாக்ஸால் விக்டரிலிருந்து வந்தது, நாலரை மீட்டருக்கு மேல் நீளம். குன்னூர் மலைப்பாதையில் அந்த இஞ்சின் இழுத்த இழுப்பை இன்றைக்கும் சொல்லுவேன். மூணாவது கியரிலேயே பஸ்ஸைத் தாண்டலாம். அம்பாசிடரில் வளர்ந்தவனுக்கு அது ஒரு புதுப் பணக்காரத் திமிர். ஏற்றத்துக்கு ஏழு லிட்டர் என்று அதுவும் கேட்டது, சில நாள் எட்டு. ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் கோத்தகிரி. கொண்டை ஊசி வளைவுகளில்தான் நீளம் இடைஞ்சல், எதிரே பஸ் வந்தால் பின்னால் எடுத்துத் திருப்ப வேண்டும். கோத்தகிரி பஜாரில் நிறுத்த இடம் பார்ப்பதும் பெரும்பாடு. மற்றபடி எங்கள் தெருவில் நடந்த கல்யாணம் ஒவ்வொன்றிலும் மாப்பிள்ளை அழைப்புக்கு அதுதான் போனது. வாடகை கேட்டதில்லை, பெட்ரோல் மட்டும் போடச் சொல்வேன். கல்யாண வீட்டார் இரண்டாவது தடவை பெட்ரோல் பங்க்குக்குப் போகும்போது முகம் கொஞ்சம் மாறும்.

90களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை விழுந்தது. நீலகிரியில் சின்ன விவசாயிகள் எல்லாருக்கும் அடி. உரக்கடையில் கடன் நோட்டு தடித்தது, வசூல் இல்லை. கான்டசாவை விற்றேன். வாங்கியவர் கீழ்நாட்டுக்காரர், நேராக உடுமலை போகிற ரோட்டில் ஓட்டப்போவதாகச் சொன்னார். ஏற்றமே இல்லாத இடத்துக்குப் போகிறதே என்று இருந்தது. அம்பாசிடரை விற்கவில்லை. விற்றாலும் வருகிற காசு ஒரு மாதப் பெட்ரோலுக்குத்தான் ஆகும் என்பது ஒரு காரணம்.

அந்த நாட்களில் குன்னூரில் ஒரு எஸ்டேட்காரர் ஸ்டாண்டர்டு 2000 வைத்திருந்தார். பார்க்க ரோவர், அசல் இங்கிலீஷ் கம்பீரம். உள்ளே 50கள் காலத்து வான்கார்டு வழிவந்த இரண்டு லிட்டர் இஞ்சின். சென்னைக்குப் பக்கத்தில் தயாராகி 1985-ல் வந்தது, 88-லேயே நின்றுவிட்டது. பெட்ரோல் குடிப்பதில் எங்கள் எல்லாரையும்விட அவர்தான் மூத்தவர் என்பதில் அவருக்கு ஒரு பெருமையே உண்டு. சிம்ஸ் பார்க் பக்கம் சந்தித்தால் "இன்னிக்கு எவ்வளவு?" என்று கேட்டுக்கொள்வோம், உடம்புக்கு சர்க்கரை அளவு விசாரிப்பவர்கள்போல.

இப்போதைய நிலவரம். 2000-த்தில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றபோது பழைய இஞ்சின்களின் வால்வு சீட் தேய்ந்துவிடும் என்று பயமுறுத்தினார்கள். அடுத்த தடவை ஹெட் இறக்கியபோது கெட்டியான சீட் போட்டுக்கொண்டோம், அதோடு முடிந்தது. இன்றைய 20 சதவீத எத்தனால் பெட்ரோல்தான் கொஞ்சம் கவனிக்க வேண்டியது. பழைய ரப்பர் ஹோஸ், பம்பு டயாபிரம் இரண்டும் அதில் ஊறிப்போகும். எத்தனாலுக்குத் தாங்குகிற ரப்பரில் மாற்றிவிட்டேன். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மூடுபனி ஊரில் அரை டேங்கு பெட்ரோலை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் அடியில் தண்ணீர் சேர்ந்துவிடும். ஒன்று டேங்கை நிரப்பி வையுங்கள், இல்லை ஓட்டித் தீர்த்துவிடுங்கள். நான் ஞாயிற்றுக்கிழமை காலையில் அரவேனு வரை இறங்கி ஏறுகிறேன். சாமான்களுக்குக் கோயம்புத்தூர் நஞ்சப்பா ரோடு, அங்கே கிடைக்காதது உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும். அங்கேயும் இல்லையென்றால் சென்னை புதுப்பேட்டை. அம்பாசிடருக்கு இதுவரை எதுவும் கிடைக்காமல் போனதில்லை.

கட்டணங்கள் ஏறிக்கொண்டிருக்கின்றன. 15 வருடம் தாண்டிய காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க முன்பு 600 ரூபாய், 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ஆனது. 2025-ல் 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். இதுபோக பசுமை வரி, இன்சூரன்ஸ். 2021-ல் வந்த விண்டேஜ் விதிப்படி 50 வருடம் நிறைந்த வண்டிக்குத் தனி எழுத்து வரிசையில் நம்பர் வாங்கலாம். எங்கள் வண்டிக்கு அந்த வயது நெருங்கிவிட்டது. தெரிந்தவர்கள் எல்லாரும் "வாங்கிருங்க, கௌரவம்" என்கிறார்கள். எனக்கு இஷ்டமில்லை. அந்த நம்பர் வாங்கினால் அன்றாட ஓட்டத்துக்கு வண்டியை எடுக்கக் கூடாது, கண்காட்சிக்கும் பேரணிக்கும்தான். கண்ணாடிப் பெட்டியில் வைப்பதற்கா இவ்வளவு காலம் பெட்ரோல் ஊற்றினோம்?

வீட்டில் ஒரு சின்னக் காரும் இருக்கிறது. மேட்டுப்பாளையம் போய்வர மொத்தமே நாலு லிட்டர், கொதிக்காது, குளிரில் ஒரே சாவியில் கிளம்பும். என் மனைவி அதைத்தான் ஓட்டுகிறாள், அவசரத்துக்கு நானும் அதைத்தான் எடுக்கிறேன். ஆஸ்பத்திரிக்கு அம்பாசிடரில் போகிறேன் என்று அடம்பிடிக்கிற ஆள் நான் இல்லை. புகை விஷயத்திலும் எனக்கு மயக்கம் கிடையாது. ஜெட் சரியில்லாத ஒரு பழைய வண்டி மூடுபனிக்குள் விடுகிற புகை பின்னால் வருகிறவரை இரும வைத்துவிடும். ட்யூனிங் பார்க்காமல் இந்த மலையில் பழைய வண்டி ஓட்டுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. மாதம் ஒரு முறை பிளக்கைக் கழற்றிப் பார்க்கச் சோம்பல்படுகிறவர்கள் பழைய வண்டி வைத்துக்கொள்ள வேண்டாம்.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில விஷயம். மலையில் இருந்த வண்டி என்றால் முதலில் மிதியடியைத் தூக்கித் தரையைப் பாருங்கள், மூடுபனி ஈரம் அங்கேதான் வேலை செய்திருக்கும். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கிங்பின்னில் (முன்சக்கரம் திரும்புகிற அச்சு) ஆட்டம் இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். பளபள பெயிண்ட், புது சீட் உறை, குரோம் பம்பர் இதற்கெல்லாம் காசு கொடுக்க வேண்டாம். டிரையல் மட்டும் சமவெளியில் பார்க்காதீர்கள். மேட்டுப்பாளையத்தில் எந்த வண்டியும் நன்றாகத்தான் ஓடும். நாலு பேரை ஏற்றிக்கொண்டு குன்னூர் வரை ஏறிப் பாருங்கள். பெட்ரோலுக்கு நீங்களே பணம் கொடுத்துவிடுங்கள், விற்கிறவர் கொடுத்தால் பர்லியாரோடு திரும்பிவிடுவார்.